முப்பதடிக்குள் ஒரு குச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்தது கதை எழுத அல்ல. ஒரு பக்க அறிக்கை எழுத.

வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்துத் துரை வெளியூரிலிருந்து திரும்பி வந்தார். நாலாம் நம்பர் மலையில் கருகிக் கிடந்த தேயிலையைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். "கணக்கப்பிள்ளை, யார் கொளுத்தினது? எளுதித் தா. ஒரு பேர் போதும்." சொல்லிவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டார். நாளை திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், மொத்தத் தோட்டத்துக்கும் முன்னால் அது வாசிக்கப்படும். அதில் எவன் பேர் இருக்கிறதோ அவனுக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலை போச்சு, குடியிருக்கிற அறை போச்சு. பெண்டாட்டி பிள்ளைகளோடு சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு றொசல்ல ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியதுதான்.

கொளுத்தியவன் வீரய்யா. இது தோட்டத்துக்கே தெரியும். அப்புறம் என்ன, எழுதிக் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதை எழுத முடியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறிக்கைக்கு வைத்த தாள் வெள்ளையாக அப்படியே கிடக்கிறது. கதை மூன்றாவது தாளில் ஓடுகிறது.

என் பெயர் சுந்தரலிங்கம். கருக்குப்பாறைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெயரைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலிலும் மழையிலும் மலையில் நின்று தொண்டை கிழியக் கத்தி வேலை வாங்குகிறவன். இதற்கு முன் இரண்டு கதைகள் எழுதி ஹட்டனில் ஒரு பத்திரிகைக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றது திரும்பிக்கூட வரவில்லை.

2

முதல் தொடக்கம்:

மாசி மாதத்துக் காற்று மலையுச்சியின் மானாப் புல்லை மெல்லத் தடவிக்கொடுத்தபோது, கீழே உறங்கிக்கொண்டிருந்த ஆறு லயங்களும் —

என்ன கருமம் இது. காற்று எதையும் தடவிக்கொடுக்கவில்லை. கண்ணில் மண்ணை வாரி இறைத்தது. லயங்களில் யாரும் உறங்கவும் இல்லை. காலை பத்து மணி.

இரண்டாவது தொடக்கம்:

வீரய்யா என்றொரு மனிதன் இருந்தான். சிறுவயது முதலே அவனுக்கு நெருப்பின் மேல் ஒரு —

பொய். அவனுக்கு நெருப்பின் மேல் ஒன்றும் கிடையாது. சுருட்டுப் பற்றவைப்பான், அவ்வளவுதான். இப்படி ஆரம்பித்தால் இரண்டாவது பக்கத்திலேயே அவன்தான் குற்றவாளி என்று உங்களுக்குத் தோன்றிவிடும். (அதற்காகத்தான் அப்படி ஆரம்பித்தேனோ என்று ஒரு சந்தேகம். இந்த அடைப்புக்குறியைப் பிறகு அடித்துவிட வேண்டும்.)

என் மனைவி பரிமளம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரிப்போட்டு முடிஞ்சுதாங்க?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"காத்து, மண்ணுன்னு என்னமோ இருக்கே. தொரை காத்தையா கேட்டாரு?"

"நீ போய் உன் வேலையப் பாரு, போ."

மூன்றாவது தொடக்கம்: தோட்டத்தில் ஆறு லயங்கள் உண்டு.

இதில் பொய் ஒன்றும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தோட்டத்தில் ஆறு லயங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆட்கள் குடியிருக்கிற பத்துப் பத்து அறைகள், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல. அவற்றுக்கு மேலே மானாப் புல் மலை.* போன வருஷம் மாசியில் அந்த மலை பற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்து நாலாவது லயத்து மாட்டுப் பட்டிகளைத் தின்றுவிட்டுப் போனது. அடுத்து அறைகள்தான் என்கிற நேரத்தில் காற்று திரும்பியதால் ஆட்கள் பிழைத்தார்கள்.

* மானாப் புல்லைப் பார்த்திராதவர்களுக்காக: ஆள் உயரம் வளரும். பச்சையாக இருந்தால் மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மலை முழுக்கச் சிவந்திருக்கும்.

அதனால் இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு துரை உத்தரவு போட்டார். ஒவ்வொரு லயத்தையும் சுற்றி முப்பதடிக்குப் புல், புதர், சருகு ஒன்றும் இருக்கக்கூடாது. சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு, கூரை போட்ட கோழிக்கூண்டு, வேலி முள், எல்லாம் போக வேண்டும். மழை விழும்வரை வெளியில் ஒருத்தரும் தீ மூட்டக்கூடாது. பெப்ரவரி இருபத்திரண்டாம் தேதி அவரே வந்து பார்ப்பார். பொறுப்பு, கணக்கப்பிள்ளை.

நல்ல உத்தரவு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மனுஷர்களிடம்தான்.

நான் முப்பதடிக்கு ஒரு மூங்கிலை வெட்டி வைத்துக்கொண்டு — முப்பதடி மூங்கிலா என்று கேட்காதீர்கள், பத்தடி மூங்கில், மூன்று தடவை — லயம் லயமாகப் போனேன். இரண்டாவது லயத்துக் கந்தப்பன் வழியை மறித்து நின்றான்.

"எங்கருந்து ஐயா அளக்குறீங்க? செவத்துலருந்தா, காணுலருந்தா?"

"சுவத்துலருந்து."

"காணுலருந்துதானே அளக்கணும்? காணு லயத்தோட சேந்தது இல்லையா?"

சுவருக்கும் சாக்கடைக் காணுக்கும் இடையே நாலடி. காணிலிருந்து அளந்தால் வெட்ட வேண்டியது இன்னும் நாலடி கூடும். அவனுக்குத்தான் வேலை அதிகம். அதைச் சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப செவத்துலருந்தே அளங்க" என்றான். இப்படி ஒரு முழுக் காலைப்பொழுது.

ஆண்களையாவது சமாளித்துவிடலாம். மிலாறு இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்கியது. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளைகளைத்தான் மிலாறு என்பார்கள். பெண்கள் அதைச் சுமந்து வந்து அறையின் பின்சுவரில் கூரை முட்ட அடுக்கி வைப்பார்கள். மழைக்காலம் முழுக்க அடுப்பெரிவது அதில்தான். மூன்றாவது லயத்துக் கடைசி அறை அம்மாக்கண்ணுவின் அடுக்கு இருக்கிறதே, தோட்டத்திலேயே பெரிசு.

"அம்மாக்கண்ணு, இத இங்கருந்து எடுத்துப் போடு."

"எங்கிட்டுப் போடுறது?"

"முப்பதடிக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் போட்டா ரெண்டே நாள்ல ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிருவாளுக. மழை காலத்துல நீங்களா வந்து எனக்கு அடுப்பு எரிப்பீங்க?"

"நெருப்பு வந்தா வீடே எரியுமே, பரவாயில்லையா?"

"நெருப்பு வந்தாத்தானே ஐயா. மழை கட்டாயம் வரும்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கடைசியில் கோயில் பக்கத்துக் கற்பாறையில் அறைக்கு ஒரு இடம் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் அவரவர் அடையாளத்துக்கு ஒரு துணி கட்டவைத்து, அதற்குக் காவலுக்கு ஒரு ஆளும் போட்டேன். மூன்று வாரம். குரல் போய்விட்டது. பரிமளம் மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனாள்.

4

இப்போது வீரய்யாவைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. கதையில் இப்படி ஒருத்தன் வந்தால் ஆசிரியர் வசதிக்காகப் பண்ணின ஆள் என்று நானே சொல்வேன். என்ன செய்ய, நிஜத்தில் அப்படித்தான் இருந்தான்.

வீரய்யா அம்மாக்கண்ணுவின் அண்ணன். நாற்பது வயது. கவ்வாத்துக்காரன். மனைவி ராசம்மா, மூன்று பிள்ளைகள். சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்கிறவன். அந்த மூன்று வாரத்தில் என்னிடம் ஏன் என்று கேட்காத ஒரே ஆள்.

புல்லை வெட்டியாயிற்று. வெட்டிய புல்லை அள்ளிப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். மூன்றாவது லயத்துக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்து நாலு நாளாகக் காய்ந்து கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. வெட்டினது நாங்கள், அள்ளுவது வேறு ஆள் என்றார்கள் வெட்டினவர்கள். அப்போதுதான் வீரய்யா வந்தான்.

"அத நான் அள்ளிக்கிறேன் ஐயா. வேற யாருக்கும் சொல்லாதீங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. தோட்டத்தில் ஒரு மனுஷனாவது இருக்கிறானே! பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து, மூன்றாவது லயம் பின்புறம் சுத்தம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எதற்கு அள்ளுகிறாய், எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மடத்தனம் என்னுடையது.

அன்று சனிக்கிழமை, பெப்ரவரி ஆறு. அன்று காலையில்தான் அம்மாக்கண்ணுவின் மகள் பூரணி வயசுக்கு வந்திருக்கிறாள். பதின்மூன்று வயது. அது எனக்குத் தெரியாது. பெண்கள் சமாச்சாரத்தை மலையில் நிற்கிற கணக்கப்பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

5

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது லயத்துப் பின்புறம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு புல் இல்லை. நடுவில் மட்டும், சுவரிலிருந்து எட்டே அடியில், புத்தம் புதிதாக ஒரு குச்சு. சடங்குப் பிள்ளை பதினாறு நாள் உட்காருகிற குடிசையைக் குச்சு என்பார்கள். தாய்மாமன்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். ஊரில் என்றால் பச்சை ஓலையில் கட்டுவார்கள். இங்கே ஓலைக்கு எங்கே போவது? வீரய்யா மானாப் புல்லில் கட்டியிருந்தான். நான் வெட்டச் சொன்ன புல். நாலு நாள் காய்ந்த புல். மொத்தமும்.

மூன்று வாரம் கத்திக் கத்தி அறுபது அறைகளைச் சுற்றி விலக்கிய நெருப்பை அவன் ஒரே இடத்தில் அழகாக அடுக்கி, உள்ளே ஒரு பிள்ளையையும் உட்காரவைத்திருந்தான்.

"டேய் வீரய்யா!"

வந்தான். சிரித்த முகம். "நல்லாருக்கா ஐயா? காத்து உள்ள போகாது, பாருங்க."

"இதுக்காடா புல்ல அள்ளுன?"

"நீங்க அள்ளச் சொன்னீங்க. எனக்கும் குச்சுக்குப் புல்லு வேணும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிருச்சு." அவன் என்னை மெச்சச் சொல்லிக் கேட்கிற மாதிரி நின்றான்.

பிரித்துப் போடு என்றேன். உள்ளே பிள்ளை இருக்கும்போது குச்சைப் பிரிப்பதா என்று அம்மாக்கண்ணு அழ ஆரம்பித்தாள். தள்ளிக் கட்டு என்றேன். உட்கார்ந்த பிள்ளையை எழுப்பி இடம் மாற்றக்கூடாது என்றார்கள். சரி, பதினாறாம் நாள் பிரித்து ஆற்றில் விடுங்கள் என்றேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான பேச்சு என்று தெரிந்தது. பதினாறாம் நாள் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்ததும், தாய்மாமன் தன் கையால் குச்சைக் கொளுத்த வேண்டும். குச்சில் இருந்த தீட்டும் கண்ணேறும் அதோடு போகும். மாமன் கொளுத்தாத குச்சென்றால் சடங்கே நிறையவில்லை என்று அர்த்தம்.

பதினாறாம் நாள் எது தெரியுமா? பெப்ரவரி இருபத்தொன்று, ஞாயிறு. துரை வந்து பார்ப்பதற்கு முதல் நாள்.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. எல்லாருக்கும் சம்மதமான ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. குச்சை அப்படியே அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய் மேலே கருக்குப்பாறையில், புல் பூண்டு இல்லாத வெறும் கல்லில் வைத்து, ஞாயிற்றுக்கிழமையே கொளுத்துவது என்று முடிவாயிற்று.

(பரிமளம் மறுபடியும் வந்து இந்தப் பத்தியைப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அவள் தட்டினால் அதில் ஏதோ இருக்கிறது. பிறகு பார்க்கலாம்.)

6

இந்தப் பகுதியைக் குறைசொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிள்ளையை வீட்டுக்குள் அழைத்தார்கள். குச்சின் அடியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்து எட்டுப்பேர் தூக்கினார்கள். சுவாமி புறப்பட்ட மாதிரி அது ஆடி ஆடி மேட்டில் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். சோலைமலை, பூரணியின் அப்பன், முன்னால் பறை அடித்தவர்களோடு ஆடிக்கொண்டே போனான். நான் ஈரச் சாக்கோடு பன்னிரண்டு பேரையும், தகரம் தகரமாகத் தண்ணீரையும் பாறையைச் சுற்றி நிறுத்தியிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளில் முதல் தடவை.

வீரய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கை எடுத்துக் கொடுத்த தீப்பந்தத்தை வாங்கி, மூன்று சுற்றுச் சுற்றி வைத்தான்.

புல் காய்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. எரியவில்லை, வெடித்தது. காற்று எங்கிருந்தோ வந்தது. எரிகிற கற்றை ஒன்று அப்படியே முழுசாக எழும்பி, எங்கள் தலைக்கு மேலே போய், பாறைக்கு அந்தப் பக்கத்து மலையில் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். சாக்கு கையிலேயே இருந்தது.

மூன்று மணி நேரம் எரிந்தது. மானாப் புல் மலை முழுக்கப் போயிற்று. நெருப்பு ஆறு லயத்தையும் நோக்கி இறங்கி வந்தது. இறங்கி வந்து, நான் மூங்கிலால் அளந்த முப்பதடி எல்லையில், தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றது. ஆறிலும் நின்றது. ஒரு சுவர் கருகவில்லை, ஒரு கோழி சாகவில்லை. அறுபது குடும்பமும் பிழைத்தது. இதை ஒருத்தராவது என்னிடம் நல்ல வார்த்தையாகச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

ஆனால் பக்கவாட்டில் போன நெருப்பு நாலாம் நம்பர் மலையில் ஒன்றரை ஏக்கர் தேயிலையைக் கருக்கிவிட்டது. ஆளைச் சுற்றி முப்பதடி வெட்டச் சொன்ன துரை, தேயிலையைச் சுற்றி வெட்டச் சொல்லவில்லை.

7

ஆக, அறிக்கைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ. "தீ வைத்தவன் மூன்றாவது லயம் வீரய்யா." ஐந்து சொல். சத்தியமான வார்த்தை. நாளை பத்துமணிக்கு அவன் குடும்பத்தோடு ரோட்டில் இருப்பான். தேயிலையைக் கொளுத்தினவன் என்று சீட்டில் எழுதி விட்டால் வேறு தோட்டத்திலும் படியேற்ற மாட்டார்கள். இதை எழுதினால் என் மேல் ஒரு சொல்லும் வராது. நான் செய்ததெல்லாம் —

இல்லை. அடுத்த முடிவுக்குப் போகிறேன்.

முடிவு ஆ. "மாமன் வந்து முறைப்படி கொளுத்துவதற்கு முன்பே, பெயர் தெரியாத யாரோ வழிப்போக்கன் எறிந்த சுருட்டில் குச்சு தானாகப் பற்றிக்கொண்டது." பொய். ஆனால் யாருக்கும் கேடு இல்லாத பொய். துரை அங்கே இல்லை. தோட்டம் என்னைக் காட்டிக்கொடுக்காது. வீரய்யா பிழைப்பான், நானும் பிழைப்பேன். ஒரு கதாசிரியனுக்கு இது என்ன பெரிய வேலை?

முடிவு இ. இதற்கு எண் போட்டுவிட்டேன். எழுத ஒன்றும் வரவில்லை.

ஆ-வையே வைத்துக்கொண்டு நல்ல தாளில் எழுதப் பேனாவை எடுத்தேன். வாசலில் செருமல் சத்தம்.

8

வீரய்யாவும் அம்மாக்கண்ணுவும். இரண்டு பேரும் முற்றத்திலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ரிப்போட்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம் ஐயா" என்றான் வீரய்யா.

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. முடிவு ஆ-வை நன்றாக நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். காலில் விழாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப குச்ச கொளுத்துனது எங்க அண்ணன் இல்லையா?"

"இது சும்மா எழுத்துக்கு அம்மாக்கண்ணு. தொரைக்கு."

"பெரட்டுல வாசிப்பாங்கல்ல?"

"வாசிப்பாங்க."

"அத்தன பேர் கேக்க, எம்மக குச்சு சுருட்டுல எரிஞ்சுதுன்னு வாசிப்பீங்க. எங்க அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டு ஆமான்னு நிக்கணும்."

"எல்லாரும் கண்ணால பாத்தாங்களே! யாருக்குத் தெரியாது?"

"பாத்தவுக இன்னிக்கு இருப்பாக, நாளைக்கு வேற தோட்டத்துக்குப் போயிருவாக. எழுதுனதுதானே ஐயா நிக்கும்? நாளப்பின்ன எம்மகளக் கேட்டு மஸ்கெலியாவுலருந்து ஒருத்தன் வருவான். குச்ச கொளுத்துனது யாரு, மாமனா சுருட்டான்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்றது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது. "அம்மா தாயே, உன் அண்ணன் பேர எழுதினா அவனுக்குப் பத்துச்சீட்டு! தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதுக்காகத்தான் ஒரு வாரமா ரெண்டு வீட்டுலயும் சோறு எறங்கல."

வீரய்யா தங்கையைக் கையமர்த்தினான். "என் பேரப் போட்டுருங்க ஐயா. மாமன் கொளுத்துனான்னே போடுங்க. நான் கொளுத்துனதுதானே."

"போய் எங்கடா நிப்ப?"

"வட்டவளையில மச்சான் இருக்கான்."

"வச்சுக்குவானா?"

"ஒரு வாரம் வச்சுக்குவான்."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், எதிர்த்துப் பேசுகிறாயா என்று கத்தியிருப்பேன், அந்தக் கோபத்தில் அவன் பேரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

9

பரிமளம் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து தாள்களை எடுத்து முதலிலிருந்து படித்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நேரம் எடுத்தது. நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. கந்தப்பன் பேசுனதுகூட இருக்கு. மழை வரட்டும்னு அம்மாக்கண்ணு வந்து சொன்னாளே, அது எங்கங்க?"

"அது கதைக்கு அவ்வளவு —"

"ஏங்க."

சரி. ஐந்தாம் பகுதியில் பேச்சுவார்த்தை என்று வருகிற பத்தியை அடித்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் அம்மாக்கண்ணு எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். "ஐயா, நாளைக்குப் புள்ளைய உள்ள அழைச்சுக்கிறோம். குச்சு நிக்கட்டும். தெனம் தண்ணி ஊத்தி வைக்கிறோம். மழை பேஞ்சதும் அண்ணன் கொளுத்தட்டும். பூசாரியும் சரின்னுட்டாரு" என்றாள். நல்ல யோசனை. அதைவிட நல்ல யோசனை அத்தனை நாளில் யாரும் சொல்லவில்லை. ஆனால் குச்சு நின்றால் திங்கட்கிழமை துரை பார்ப்பார். என் நோட்டில் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தில், சுவரிலிருந்து எட்டடியில், அது நிற்கும்.

நான் சொன்னேன்: "அந்தக் கதையே வேண்டாம். நாளைக்கே கொளுத்தணும். இல்லன்னா என் ஆள விட்டுப் பிரிச்சு ஆத்துல எறிஞ்சிருவேன்."

பேச்சுவார்த்தை என்று எழுதினேனே, அது இவ்வளவுதான். பாறைக்குத் தூக்கிப் போகலாம், ஈரச் சாக்கு வைத்துக்கொள்ளலாம் என்றதெல்லாம் வீரய்யா. என் பங்கு தேதி மட்டும்.

இருபத்திரண்டாம் தேதி துரை வரவில்லை. நுவரெலியாவில் ஏதோ விருந்தாம், தங்கிவிட்டார். வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை துரை வந்தார். நாலே நாள் பொறுத்திருந்தால் போதும்.

10

முடிவு இ என்னவென்று இப்போது உங்களுக்கும் தெரியும். இரண்டு வரி. முதல் வரியை எழுதிவிட்டேன்: "21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூரணியின் தாய்மாமன் வீரய்யா குச்சை முறைப்படி தன் கையால் கொளுத்தினான்." அம்மாக்கண்ணு கேட்டால் சந்தோஷப்படுவாள். இரண்டாவது வரியில் அன்றைக்கே கொளுத்தியாக வேண்டுமென்று உத்தரவு போட்டது யார் என்று வர வேண்டும். அது வந்தால், சொன்னதைச் செய்த ஆளைத் துரை விட்டுவிடுவார், சொன்னவனைத்தான் பிடிப்பார். இந்த வீடு வேலையோடு சேர்ந்தது. நாற்பத்தாறு வயதில் எந்தத் தோட்டத்தில் போய்க் கணக்கப்பிள்ளை வேலை கேட்பேன்?

அது வராவிட்டால் வீரய்யா போவான். அதுவும் அவனே கேட்டுக்கொண்டபடி. யாரும் என்னைக் குறைசொல்ல மாட்டார்கள்.

"அந்த ஒரு வரிய எழுதாம இருக்கத்தான் இத்தன தாள் எழுதியிருக்கீங்க" என்றாள் பரிமளம். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சும்மாதான் சொன்னாள்.

பிறகு அறைக்குள் போய், கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"எழுதுங்கன்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க. எழுதுனா இதுல துணிமணிய அடுக்குறேன். எழுதலன்னா திரும்ப உள்ள இழுத்து வச்சுக்கிறேன். ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

இந்த இடத்தில் கதாசிரியர்கள் ஒரு வேலை செய்வார்கள். வாசகரே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்று ஆரம்பித்து, பேனாவை உங்கள் கையில் திணித்துவிட்டு நழுவிவிடுவார்கள். நானும் அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் நல்ல முடிவாகத்தான் எழுதுவீர்கள். உங்களுக்கு என்ன, எழுதி முடித்துவிட்டு உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

அதனால் உங்களுக்கு முடிவு கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்களை மடித்து வைத்துவிட்டு அந்த ஒரு தாளை எடுக்கப் போகிறேன்.

பரிமளம் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள்.